நொறுங்காத எலும்பு

செல்போன் அலறியது.

டாக்டர் எழில் அப்போதுதான் டீ டம்ளரை உதட்டுக்குக் கொண்டு போயிருந்தாள். விருதுநகரில் எலும்பு டாக்டராக இருந்துகொண்டு ஒரு டீயை முழுசாகக் குடித்ததாகச் சரித்திரமே கிடையாது.

"டாக்டர் எழிலுங்களா? நான் இன்ஸ்பெக்டர் பாண்டிமுருகன். அச்சங்குளம் வெடி விபத்து கேள்விப்பட்டீகளா?"

"காலைல டிவியில பார்த்தேன். யாரோ ஒருத்தர் இறந்துட்டதா..."

"அந்த யாரோ ஒருத்தரு உங்க பேஷண்ட்டாம்."

"யாரு?"

"மகேஷ்குமார். பட்டாசுக் கம்பெனி முதலாளியேதான்!"

எழில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"தீபாவளி முடிஞ்சு கம்பெனி பூட்டிக் கெடக்கு. வேலையாள் ஒருத்தரும் இல்ல. மருந்து செலுத்துற ஷெட்டு நேத்துச் சாயங்காலம் வெடிச்சிருக்கு. உள்ள ஒரே ஒரு பொணம். கரிக்கட்டை! முகமும் இல்ல, ரேகை எடுக்க விரலும் இல்ல. கழுத்துல அவரு செயினு மட்டும் உருகிக் கெடக்கு."

"நான் வந்து என்ன செய்யணும்?"

"அவரு சம்சாரம் பிரீத்திகாதான் உங்க பேரச் சொன்னாக. 'எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புல எலும்பு வச்சு ஆபரேஷன் பண்ணது எழில் டாக்டர். அவங்க பார்த்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்'னு. டி.என்.ஏ. அனுப்பியாச்சு. அது வர்றதுக்குள்ள அடுத்த தீபாவளியே வந்துரும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, பொணத்த இன்னைக்கே குடுத்துருவேன்."

"வர்றேன்."

மகேஷ்குமார்!

போன வருஷக் கோடையில் இதே ஆளின் கம்பெனியில்தான் நான்கு பெண்கள் கருகிச் செத்தார்கள். ஷெட்டுக்குள் உட்கார வைக்க வேண்டிய ஆட்களை, ஆர்டர் அவசரம் என்று மரத்தடியில் உட்கார வைத்து மருந்து அடைக்கச் சொன்ன புண்ணியவான். கைதாகி, ஜாமீனில் வந்து, வழக்கு அடுத்த வாரம் விசாரணைக்கு வருகிறது.

இப்போது அவனே கருகிவிட்டான் என்கிறார்கள். நோயாளி என்ற வகையில் எழிலுக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை.

*

பிணவறை வாசலில் ஒரு ஊரே திரண்டிருந்தது. கார்கள், மாலைகள், கட்சிக்கரை வேட்டிகள். நடுவில் பிரீத்திகா! அழுது சிவந்த கண்கள். அவள் மாமியார் தரையில் குத்தவைத்து மாரில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

எழில் தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் பாண்டிமுருகன் மீசைக்காரர். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"வாங்க டாக்டர். பொணத்தப் பார்க்க வேணாம், பார்த்தா ராத்திரிச் சோறு இறங்காது. எக்ஸ்ரே எடுத்து வச்சிருக்கு. இந்தா, கம்ப்யூட்டர்ல பாருங்க."

திரையில் வெள்ளை வெள்ளையாக எலும்புகள். சதையெல்லாம் போய்விட்டாலும் இடுப்பின் ஆழத்தில் இருந்த எலும்பை நெருப்பு தொடவில்லை.

"முதல்ல எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லுங்க டாக்டர். என்ன ஆபரேஷன் இது?"

"தொடை எலும்போட உச்சியில பந்து மாதிரி ஒரு உருண்டை இருக்கும். அது இடுப்புக் கிண்ணத்துக்குள்ள சுத்துறதாலதான் நாம நடக்கிறோம். அந்தப் பந்துக்குப் போற ரத்தம் நின்னு போச்சுன்னா, ஆளு உயிரோட இருக்கும்போதே எலும்பு மட்டும் செத்துப்போகும்."

"எலும்பு தனியாச் சாகுமா? நல்ல கூத்தா இருக்கே!"

"சாகும். சிலருக்குக் குடியால வரும். சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரையால வரும். விட்டா அந்தப் பந்து நொறுங்கிரும். அதுக்கு முந்தியே ஆளு வந்துட்டா, செத்த எலும்பைச் சுரண்டி எடுத்துருவோம். கெண்டைக்கால் பக்கத்துல ஒல்லியா ஒரு எலும்பு இருக்குல்ல? அதுல ஒரு துண்டை ரத்தக்குழாயோட சேர்த்து வெட்டி எடுத்து, பந்துக்குள்ள முட்டுக் குடுத்து வச்சு, குழாயைத் தைச்சு விட்டுருவோம். புது ரத்தம் பாயும். எலும்பு பொழைச்சுக்கும்."

"கால்ல எடுத்து இடுப்புல வைக்கிறீக. கால் சும்மா இருக்குமா?"

"அந்த எலும்புல ஒரு துண்டு போனாலும் நடக்கலாம். சாமி படைக்கும்போதே உதிரிபாகம் குடுத்துத்தான் அனுப்பியிருக்கு."

எழில் திரையை நெருங்கினாள்.

இடது கெண்டைக்காலில் ஒல்லி எலும்பின் நடுத்துண்டு இல்லை. இடது இடுப்பில் அந்தத் துண்டு அழகாக முட்டுக் கொடுத்து நின்றது. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அப்படி வளைப்பது எழிலின் கைப்பழக்கம்.

"சந்தேகமே இல்ல. இது நான் செஞ்ச ஆபரேஷன்தான்."

"அப்பாடா! அப்ப இந்த இடத்துல ஒரு கையெழுத்து."

எழில் பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். காகிதத்தில் வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றாள்!

கண் மறுபடியும் திரைக்குப் போயிருந்தது.

அந்தப் பந்து... உருண்டையாக இருந்தது.

வழுவழுவென்று, கொஞ்சமும் சப்பையில்லாமல், முழு உருண்டையாக!

"என்ன டாக்டர்? பேனா எழுதலையா?"

எழில் பேனாவைக் கீழே வைத்தாள். கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். ஆஸ்பத்திரிக் கோப்பில் தேடி ஒரு எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"இது போன மாசம் எடுத்த மகேஷ்குமாரோட இடுப்பு."

பாண்டிமுருகன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன டாக்டர், யாரோ உக்காந்து நசுக்குன லட்டு மாதிரி இருக்கு!"

"நொறுங்கிருச்சு. குடிக்காதீங்கன்னு சொன்னேன், கேக்கல. ஊன்றுகோல் இல்லாம நடக்காதீங்கன்னு சொன்னேன், கேக்கல. நான் வச்ச எலும்பு தோத்துப்போச்சு. இடுப்பு மூட்டையே மாத்தணும்னு சொல்லி அனுப்பினேன்."

"ஆனா பொணத்துக்கு எலும்பு முழுசா இருக்கே!"

"ஆமா."

"செத்ததுக்கப்புறம் எலும்பு குணமாகுமா டாக்டர்?"

"இன்ஸ்பெக்டர்... இது மகேஷ்குமார் இல்ல!"

பாண்டிமுருகன் மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார்.

"அப்ப யாரு? ஆபரேஷன் உங்களோடதுன்னு நீங்கதான் சொன்னீக!"

"இந்த ஆபரேஷன்... இந்த ஊர்ல நான் ரெண்டே பேருக்குத்தான் செஞ்சிருக்கேன்." எழில் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணு மகேஷ்குமார். இன்னொண்ணு அவர் கம்பெனியில மருந்து செலுத்துற தொழிலாளி. வெள்ளைத்துரைன்னு பேரு. ஆமத்தூர். மருந்துப்பொடி பட்டு உடம்பெல்லாம் அரிப்பு. மெடிக்கல் ஷாப்ல அவராவே கேட்டு ஸ்டீராய்டு மாத்திரையை வருஷக்கணக்கா முழுங்கியிருக்காரு. அதே நோய். அதே இடது இடுப்பு."

"கூலிக்காரனுக்கு அம்புட்டுப் பெரிய ஆபரேஷனா? யாரு செலவு?"

எழில் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மகேஷ்குமார்."

அன்றைக்கு வார்டில் நடந்தது அவளுக்கு அப்படியே கண்ணில் தெரிந்தது. மகேஷ்குமார் கட்டிலில் சாய்ந்துகொண்டு கும்பிட்ட கை. "எனக்கு என்ன செய்றீங்களோ அதையேதான் என் தொழிலாளிக்கும் செய்யணும் டாக்டர். ஒரு நூல்கூட வித்தியாசம் இருக்கக் கூடாது." நர்ஸுகள் கை தட்டினார்கள். பத்திரிகையில் போட்டோ வந்தது. பாவம் செய்தவன் திருந்திவிட்டான் என்று எழிலே நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

தன் கையாலேயே வெள்ளைத்துரையின் உடம்பில் மகேஷ்குமாரின் அடையாளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்!

"இந்தத் தர்மம் எப்ப நடந்துச்சு டாக்டர்? வெடி கேஸுக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தி. ஜாமீன்ல வந்ததும்."

பாண்டிமுருகன் பல்லைக் கடித்தார்.

"ஆளு செத்தா கேஸும் செத்துரும். அன்னைக்கே போட்டுட்டானா திட்டம்! வெளிநாட்டுக்கோ எங்கயோ போயி வேற பேர்ல நிம்மதியா இருக்கலாம்னு..." சட்டென்று நிறுத்தினார். "ஆனா ஒண்ணு இடிக்குதே. ரெண்டு எலும்புக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அது தெரிஞ்சும் உங்களையே எதுக்குக் கூப்பிடச் சொன்னாக?"

"அதான் எனக்கும் புரியல."

"முதல்ல அந்த வெள்ளைத்துரை உயிரோட இருக்கானான்னு பார்ப்போம். நம்பர் இருக்கா?"

இருந்தது. வெள்ளைத்துரையின் மனைவி சோலையம்மாளின் நம்பர். எழில் ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டரம்மா! நல்லாருக்கீகளா? என்னம்மா நீங்களே கூப்பிட்டிருக்கீக!"

"சும்மாதான்மா. வெள்ளைத்துரை எங்க?"

"முதலாளி ஓசூருக்கு அனுப்பிருக்காருல்ல. கடைகள்ல விக்காமக் கெடக்குற சரக்கைத் திருப்பி ஏத்திக்கிட்டு வரணுமாம். நேத்து மத்தியானம் கம்பெனியில லோடு வண்டி நிக்குதுன்னு கெளம்பிப் போனாரு. அதுக்கப்புறம் போனு போக மாட்டேங்குது. டவரு இல்லையோ என்னமோ. இங்க என்னடான்னா முதலாளியே போய்ச் சேந்துட்டாருங்காக... பாவம், எங்களுக்குச் சாமி மாதிரி இருந்த மனுசன்!"

எழில் கண்ணை மூடிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று கையால் சைகை காட்டினார்.

"சோலையம்மா... அவரு கீழ உக்காந்து வேலை பாக்கலையே?"

"உக்கார விட்டுருவேனா? நீங்க 'தரையில உக்காந்தா எலும்பு ஒடஞ்சுரும்'னு சொன்ன அன்னைக்கே பிளாஸ்டிக் நாற்காலியில ஓட்டை போட்டுக் கக்கூசுக்கு வச்சுட்டேன். கம்பெனியில போர்மேன்கிட்ட சண்டை போட்டு, உயரமா ஒரு மேசை போட வச்சேன். நின்னுக்கிட்டே லேபிள் ஒட்டுற வேலைதான். ஊரே சிரிச்சுச்சு, புருசனைத் தொட்டில்ல போட்டு ஆட்டுறான்னு. சிரிக்கட்டுமே! இப்ப நொண்டாம நடக்காருல்ல டாக்டரம்மா?"

"ஆமாம்மா." எழில் போனை இறுகப் பிடித்தாள். "நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாராலயும் பாத்துக்க முடியாது."

போனை அணைத்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோபமும் கூடவே வந்தது.

அந்தப் பெண் ஊர் சிரிக்கச் சிரிக்கக் காப்பாற்றிக் கொடுத்த எலும்பு இது. அதை வேறு ஒருவன் பெயரில் எரிக்கப் போகிறார்கள்!

"இன்ஸ்பெக்டர், இந்த உடம்பை அவங்க கையில குடுத்துராதீங்க. எரிச்சுட்டா எல்லாம் போச்சு."

"குடுக்க மாட்டேன். ஆனா மகேஷ்குமாரைப் பிடிக்கிற வரைக்கும் நமக்குத் தெரிஞ்சது வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா இன்னைக்கே பறந்துருவான். போங்க... ஒண்ணும் தெரியாத மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு வெளிய போங்க!"

*

எழிலுக்கு நடிக்கத் தெரியாது. ஸ்கூல் நாடகத்தில் மரமாக நின்றதுதான் அனுபவம். இன்றைக்கும் மரமாகவே வெளியே வந்தாள்.

பிரீத்திகா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்... அவர்தானே? கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இன்னும் ஒரு படம் எடுக்கணும்மா. சாயங்காலம் போட்டுருவேன்."

"சாயங்காலமா?" ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் அழுகை காணாமல் போய், மறுபடி வந்தது. "சீக்கிரம் போட்டுக் குடுங்க டாக்டர். அவரை இப்படிப் போட்டு வச்சிருக்கிறதைத் தாங்க முடியல."

"புரியுதும்மா."

எழில் நகர்ந்தாள். பிரீத்திகா விடவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர், இன்னொரு விஷயம். அத்தைக்கு நேத்துல இருந்து இடுப்பு வலி தாங்க முடியல. கீழ விழுந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வலி ஊசி எழுதிக் குடுப்பீங்களே... பெரிய வலிக்குப் போடுறது... அதை எழுதிக் குடுங்களேன்."

"நான் வந்து பார்க்கிறேனே?"

"வேணாம் டாக்டர்! உங்களுக்கு எதுக்குச் சிரமம்... ஊசி மட்டும் போதும்."

எழில் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

அத்தை! தரையில் குத்தவைத்து அழுதுகொண்டிருந்த அதே மாமியார், யாரோ உறவுக்காரி வந்ததும் விருட்டென்று எழுந்து ஓடிக் கட்டிக்கொண்டார். மறுபடி பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மகன் போய்விட்டான் என்று நிஜமாகவே நம்பி அழுகிற தாய். அந்த இடுப்பில் வலி என்று எந்த எலும்பு டாக்டரும் சத்தியம் செய்ய மாட்டார்.

அப்படியென்றால் ஊசி யாருக்கு?

நொறுங்கிய இடுப்போடு, வலியில் துடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் எங்கேயோ ஒரு ஆள் படுத்துக் கிடக்கிறான்!

எழில் மெதுவாகத் திரும்பினாள். பிணவறை வாசலில் நின்ற பாண்டிமுருகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மீசையைத் தடவியபடி ஒரு தலையசைப்பு.

"எழுதித் தர்றேன்மா," என்றாள் எழில்.

*

எழிலின் கார் சிவகாசி ரோட்டில் பறந்தது. ஓட்டியது பாண்டிமுருகன். போலீஸ் ஜீப்பைப் பார்த்தால் பறவை பறந்துவிடும் என்று அதைப் பின்னால் தள்ளி வரச் சொல்லியிருந்தார்.

முன்னால் வெள்ளைக் கார். ஓட்டியது பிரீத்திகா. தனியாக!

"பாருங்க டாக்டர். புருசன் பொணம் ஆஸ்பத்திரியில கெடக்கு. பொண்டாட்டி மெடிக்கல்ல ஊசி வாங்கிக்கிட்டு, வீட்டுக்கும் போகாம, தனியா கார் ஓட்டிக்கிட்டு எங்க போறா? துக்கத்துக்குக் காத்து வாங்கவா?"

ஆமத்தூர் தாண்டியது. வெள்ளைக் கார் இடதுபக்க மண் பாதையில் திரும்பியது. கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு பழைய ஓட்டுக் கட்டடம்.

"தீப்பெட்டி ஆபீஸ்!" பாண்டிமுருகன் பிரேக்கை மிதித்தார். "இவுக தாத்தா காலத்துல தீப்பெட்டி செஞ்ச தொழிற்சாலை. மூடி எத்தனையோ வருசம் ஆச்சு. நீங்க கார்லயே இருங்க டாக்டர்."

"மாட்டேன். மகேஷ்குமாரை உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும்."

"ஆபத்து டாக்டர்!"

"வாங்கன்னா..."

மருத்துவப் படிப்பு படித்தவளுக்குப் பயம் இருக்காது என்று யார் சொன்னது? எழிலுக்கும் இருந்தது. ஆனால் சோலையம்மாளின் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அது அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

உள்ளேயிருந்து முனகல்.

"ஊசி வாங்கிட்டு வர இவ்வளவு நேரமா? செத்துருவேன் போல இருக்கு பிரீத்தி..."

"சத்தம் போடாதீங்க! நீங்க ஏற்கெனவே செத்தாச்சு!"

பாண்டிமுருகன் கதவை ஒரு உதை உதைத்தார்.

"யாரும் அசையக் கூடாது!"

நாடாக் கட்டிலில் கிடந்தான் மகேஷ்குமார். தாடி முளைத்த முகம் வேர்வையில் பளபளத்தது. இடது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பக்கத்தில் ஊசியும் கையுமாக பிரீத்திகா.

"கிட்ட வராத!" மகேஷ்குமார் அலறினான்.

அவன் கையில் சிகரெட் லைட்டர்!

கட்டிலுக்குப் பக்கத்தில் வாய் பிரித்த மூட்டைகள். வெள்ளியாகப் பளபளக்கும் அலுமினியப் பவுடர் கலந்த வெடி மருந்து. சட்டத்துக்குத் தெரியாமல் பதுக்கிய சரக்கு.

"ஒரு அடி எடுத்து வச்சே... கொளுத்திருவேன்! எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான்!"

பாண்டிமுருகன் துப்பாக்கியோடு சிலையாக நின்றார். அந்த மருந்துக்குப் பக்கத்தில் சுட அவருக்கென்ன பைத்தியமா? நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

எழிலின் கண் பழக்கதோஷத்தில் அந்த இடது காலைப் பார்த்தது. கால் குட்டையாகியிருந்தது. பந்து முழுசாக நொறுங்கி அமுங்கிவிட்டது.

"கொளுத்துங்க மகேஷ்குமார்," என்றாள்.

"டாக்டர்!" என்று பதறினார் பாண்டிமுருகன்.

"கொளுத்தட்டும் சார். வாசல் நமக்கு முதுகுப் பக்கம்தான் இருக்கு. அவர் கை மூட்டைக்குப் போறதுக்குள்ள நாம வெளிய ஓடிரலாம். உங்களுக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. எனக்கும் இருக்கு. பிரீத்திகாவுக்கும் இருக்கு." எழில் கட்டிலைப் பார்த்தாள். "உங்களால எந்திரிச்சு உக்காரவாவது முடியுமா மகேஷ்குமார்? நான் வச்ச எலும்பு பொடிப்பொடியாக் கெடக்கு உள்ள. இந்த ஓட்டுக் கட்டடத்துக்குள்ள எரியப் போறது நீங்க ஒருத்தர் மட்டும்தான்."

மகேஷ்குமார் லைட்டரையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

மரத்தடியில் அந்த நான்கு பெண்களுக்கு என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா? உடல்களைப் பார்த்தவன்தானே. நெருப்பைக் காட்டிச் சம்பாதிக்கிறவனுக்கு நெருப்பு மேல் இருக்கிற பயம் வேறு யாருக்கும் இருக்காது.

லைட்டர் நழுவித் தரையில் விழுந்தது.

பாண்டிமுருகன் ஒரே பாய்ச்சலில் அதை வாசலுக்கு வெளியே எத்திவிட்டார்.

"எப்படி... எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" மகேஷ்குமார் வலியில் பல்லைக் கடித்தான். "அவனுக்கும் இதே ஆபரேஷன்தானே? தரையில உக்காந்தா நொறுங்கிரும்னு நீங்கதானே சொன்னீங்க? மருந்து செலுத்துறவன் அத்தனை பேரும் நாள் பூரா தரையிலதானே உக்காருவான்! அவனோட எலும்பும் நொறுங்கித்தானே இருக்கணும்?"

ஓ! அப்படியா சங்கதி!

எழிலுக்கு அப்போதுதான் விளங்கியது. தன்னையே கூப்பிடச் சொன்ன தைரியம் எங்கிருந்து வந்தது என்று விளங்கியது.

"அவரு ஒரு நாள்கூடத் தரையில உக்காரல. மேசை போட்டு நின்னுக்கிட்டேதான் வேலை பாத்தாரு. அவரு சம்சாரம் சண்டை போட்டு வாங்கிக் குடுத்த மேசை அது. உங்க கம்பெனியில, உங்க ஷெட்டுல, இத்தனை மாசமா நிக்குது. நீங்க ஒரு நாள் உள்ள எட்டிப் பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும்."

எந்த முதலாளி ஷெட்டுக்குள் வந்து தொழிலாளி எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கிறான்? சரக்கு எவ்வளவு வந்தது என்றுதானே பார்க்கிறான்!

அதுவரை மூலையில் நின்ற பிரீத்திகா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்! எல்லாம் இவர்தான்! அந்தத் தொழிலாளியைக் கூப்பிட்டது, டீயில தூக்க மாத்திரை போட்டது, ஷெட்டுக்குத் தீ வச்சது... எல்லாமே இவர்தான்! நான் வீட்டுல இருந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எனக்கே சொன்னார். வெளிய சொன்னா என்னையும் கொன்னுருவேன்னு மிரட்டினார் சார்!"

பாண்டிமுருகன் மகேஷ்குமாரின் கையில் விலங்கை மாட்டிக்கொண்டே தலையாட்டினார். "பாவம், நீங்களும் என்னம்மா செய்வீக. ஸ்டேஷன்ல வந்து ஒரு வாக்குமூலம் மட்டும் குடுத்துருங்க. சாட்சியாப் போட்டுக்கிறேன்."

"குடுக்கிறேன் சார்... எல்லாத்தையும் சொல்றேன்."

"ஒரு நிமிஷம்," என்றாள் எழில்.

குரலில் இருந்த என்னவோ ஒன்று இரண்டு பேரையும் திரும்ப வைத்தது.

"இன்ஸ்பெக்டர், மருந்து இருக்கிற ஷெட்டுக்குத் திரி வச்சா என்ன செய்யணும்?"

"இது தெரியாதா? சிவகாசியில கைப்பிள்ளைகூடச் சொல்லும். கொளுத்துனதும் குதிகால் பிடரியில அடிக்க ஓடணும்."

"யாரு ஓடினது?"

"அதான் இந்த மகேஷ்..." பாண்டிமுருகன் பாதியில் நிறுத்தினார். கட்டிலில் கிடந்த கோணல் காலைப் பார்த்தார்.

"போன மாசமே நொறுங்கின இடுப்பு சார் இது. எக்ஸ்ரே என்கிட்ட இருக்கு. கம்பு ஊன்றி நடக்கவே உயிர் போகும். ஓடுறதாவது! இந்தக் காலோட திரி கொளுத்தியிருந்தா, ஷெட்டுல ரெண்டு பொணம் கெடந்திருக்கும்."

பிரீத்திகாவின் அழுகை சட்டென்று நின்றது.

மகேஷ்குமார் கட்டிலில் இருந்து கத்தினான். "நான் கார்லதான் சார் உக்காந்திருந்தேன்! டீ போட்டுக் குடுத்தது இவ! செயினைக் கழற்றி அவன் கழுத்துல போட்டது இவ! திரி கொளுத்திட்டு ஓடி வந்து காரை எடுத்தது இவ! வேகமா எடுத்ததுல கார் குழியில விழுந்துதான் என் இடுப்பு இப்படிப் போச்சு! அவனுக்கும் ஆபரேஷன் செஞ்சு வைங்கன்னு அன்னைக்கு என் காதுல ஓதுனதே இவதான் சார்!"

"பொய்!" என்றாள் பிரீத்திகா. ஆனால் கண் வாசலை அளந்தது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. பெண் போலீஸ் இருவர் இறங்கினார்கள்.

எழில் மகேஷ்குமாரின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இவரை ஸ்ட்ரெச்சர்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க இன்ஸ்பெக்டர். வைத்தியம் பார்க்க மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா முதல்ல நான் ஆமத்தூர் போகணும். சோலையம்மாகிட்ட வேற யாரும் சொல்ல வேணாம். நானே சொல்றேன். அந்த உடம்பை அவங்க கையில, அவர் சொந்தப் பேர்ல குடுக்கணும்."

சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"குடுக்குறேன் டாக்டர். நானே கூட வந்து குடுக்குறேன்," என்ற பாண்டிமுருகன், தொண்டையைச் செருமிக்கொண்டு பிரீத்திகாவிடம் போனார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னால... என்னால ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியல சார். கால் ரெண்டும் துவளுது..."

பாண்டிமுருகன் அவள் கால்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து வெடியையே முந்தின காலும்மா அது! ஜீப்பு இந்தா பக்கத்துலதான் நிக்குது... ஓட வேணாம், சும்மா நடந்தே வாங்க!"